புளிப்பும் பொய்யும்

அமிலம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்போர் தமிழரிடையே மிகப் பலர். மலேசியத் தோட்டப்புறங்களில் வளர்ந்த தலைமுறைக்கு அது 'எசிட்' என்னும் பெயரிலேயே முதலில் அறிமுகமாயிற்று. பால்மரத்திலிருந்து சேகரித்து வந்த பாலை உறைய வைப்பதற்காகத் தொட்டியில் கலந்த ஃபார்மிக் அமிலமே அந்த எசிட். கையிற் பட்டால் தோல் எரியும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. குழந்தைகள் அதன் பக்கம் செல்லலாகாது. உழைத்துக் களைத்த தாய்மார் தம் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்த இவ்வச்சம் முற்றிலும் நியாயமானது. அனுபவ அறிவு பெற்றெடுத்த அச்சம் அது.

காலம் மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகர்ப்புறத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். எசிட் தொட்டி கண்ணைவிட்டு மறைந்தது. அதனைப் பற்றிய அச்சம் மட்டும் மறையாமல், உணவுப் பொட்டலத்தின்மீது வந்தமர்ந்தது. பொட்டலத்தில் 'சிட்ரிக் அமிலம்' என்று அச்சிட்டிருந்தால் அது நஞ்சு என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் அதனை நம்பிக் கைப்பேசி வழியே நூறு பேருக்கு அனுப்புகின்றனர். அதே வீட்டில், தீபாவளித் திருநாளில் விருந்தினருக்கென்று குளிர்பானம் பெட்டி பெட்டியாக வந்திறங்குகிறது. பள்ளி செல்லும் பிள்ளையின் பையில் வண்ணப் புட்டி ஒன்று நாள்தோறும் இடம்பெறுகிறது. அஞ்ச வேண்டாததைக் கண்டு நடுங்குவதும், அஞ்ச வேண்டியதை அணைத்துக் கொள்வதும் ஒரே வீட்டில், ஒரே நாளில் நிகழ்கின்றன. இம்முரண்பாட்டைத் தகர்ப்பது கற்றோர் கடமை. அக்கடமையில் முதற்பங்கு ஆசிரியர்க்கு உரியது.

புளிப்பு தமிழர்க்குப் புதிதன்று

அமிலம் என்பது அயலார் ஆய்வுக்கூடத்திலிருந்து தமிழர் அடுக்களைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த பொருளன்று. அறுசுவையுள் ஒன்றாகப் புளிப்பை எண்ணிய இனத்திற்கு அது வாழையடி வாழையாக வந்த உறவு. இரசத்திற்குக் கரைக்கும் புளியில் டார்டாரிக் அமிலம் உண்டு. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் உண்டு. தயிரைப் புளிக்க வைப்பது லாக்டிக் அமிலம். காடியின் உயிர் அசிட்டிக் அமிலம். நெல்லிக்கனியில் இருப்பது அஸ்கார்பிக் அமிலம்; வைட்டமின் 'சி' என்று மருந்துக் கடையில் விலைகொடுத்து வாங்குவதும் அதுவே. மலாய் மக்களின் மீன் குழம்பிலும் பினாங்கு லக்சாவிலும் மிதக்கும் அசாம் கெலுகோர், கேரளத்துக் கொடம்புளியின் உறவினம். கலவைச் சோற்றுக் கடையில் கேட்டு வாங்கும் அசாம் போய் பானமும் புளிப்பின் பெயரால்தான் விற்பனையாகிறது.

இத்தகைய அமிலங்கள் சிலவற்றைப் பழத்திலிருந்தும் பாலிலிருந்தும் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்லெம் ஷீலே. புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780இலும், எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை 1784இலும், ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலத்தை 1785இலும் அவர் பிரித்தெடுத்தார். அவர் இவற்றைப் படைத்தவர் அல்லர். இயற்கை படைத்து வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தவர். பெயரிட்ட பின்னர்தான் அப்பொருள் 'இரசாயனம்' ஆயிற்று என்று எவரேனும் கருதினால், அவர் பொருளுக்கு அஞ்சவில்லை. பெயருக்கு அஞ்சுகிறார் என்பதே உண்மை.

பூஞ்சை வழங்கிய புளிப்பு

"பழத்திலுள்ள சிட்ரிக் அமிலம் வேறு, தொழிற்சாலையிலிருந்து வரும் சிட்ரிக் அமிலம் வேறு" என்பார் உளர். இவ்வாதத்தையும் எடைபோட்டுப் பார்த்தல் தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகிற்கு வேண்டிய சிட்ரிக் அமிலத்தைப் பெரும்பாலும் இத்தாலி நாடே எலுமிச்சைச் சாற்றிலிருந்து எடுத்து வழங்கி வந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்னும் கரும்பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால், அது சர்க்கரையை உண்டு சிட்ரிக் அமிலத்தை வெளிவிடும் என்பதை ஜேம்ஸ் கரி என்னும் அமெரிக்க அறிஞர் 1917இல் வெளியிட்டார். ஃபைசர் நிறுவனம் 1919இல் அம்முறையைத் தொழிலாக்கியது. இன்று உலகில் ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சிட்ரிக் அமிலம் உருவாகிறது. அதன் பெரும்பகுதி பூஞ்சையின் உழைப்பே.

பூஞ்சை தந்ததாயினும் பழம் தந்ததாயினும் தூய்மைப்படுத்திய பின் சிட்ரிக் அமிலத்தின் மூலக்கூறு ஒன்றேதான். இட்லி மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றைத் தாய்போல் போற்றும் சமுதாயம், தொட்டியில் வளரும் பூஞ்சையைக் கண்டு மட்டும் அருவருப்பது எவ்வகையில் பொருந்தும்? பிறப்பைக் கொண்டு மனிதனைத் தாழ்த்துதல் தவறு என்று மேடைதோறும் முழங்குவோர், பிறப்பைக் கொண்டு ஒரு பொருளை நஞ்சென்று முடிவு கட்டுவதும் அதே வகைப் பிழையென்பதை உணர்தல் வேண்டும். பொருளின் நன்மையும் தீமையும் அதன் தன்மையிலும் அளவிலும் பயன்படுத்தும் முறையிலும் உள்ளன.

உணவில் அமிலம் சேர்ப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர், பி.எச். அளவு 4.6க்குக் கீழ்ப்பட்ட புளிப்பில் வளரமாட்டாது. டப்பாவில் அடைத்த உணவைப் பலகாலம் காப்பதில் அமிலத்திற்குள்ள பங்கு இது. பழக்கூழ் கட்டியாக இறுகுவதற்கும் புளிப்பு வேண்டும். வெட்டிய பழம் கறுக்காமல் இருப்பதற்கும் அது துணை செய்யும். மாங்காயை உப்பும் புளிப்பும் சேர்த்து ஊறவைத்துக் காத்த பாட்டியார் அறிந்திருந்த உண்மைதான் இது. ஆய்வுக்கூடம் அதற்குக் காரணம் கண்டு சொன்னது.

ஊரை ஏய்த்த துண்டறிக்கை

ஆராயாமல் அஞ்சுவதால் விளையும் கேட்டிற்கு ஐரோப்பா ஒரு சான்று தருகிறது. 1976ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தட்டச்சிட்ட துண்டறிக்கை ஒன்று கைக்குக் கை மாறத் தொடங்கியது. உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு வழங்கும் எண்களை வரிசைப்படுத்தி, இவை புற்றுநோய் தருபவை, இவை ஐயத்திற்குரியவை என்று அது தீர்ப்புக் கூறிற்று. அவற்றுள் எல்லாவற்றினும் கொடியது 'ஈ 330' என்றது. பாரிசுக்கு அருகிலுள்ள வில்ஜூயிஃப் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையே இதனை வெளியிட்டதாகவும் அதில் குறித்திருந்தது. மருத்துவமனை மறுத்தது. மறுப்பை எவரும் செவிமடுக்கவில்லை. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும்கூட அத்தாளைப் படியெடுத்து வழங்கினர். எல்லை கடந்து பல நாடுகளுக்கும் அது பரவியது.

ஈ 330 என்பது யாது? சிட்ரிக் அமிலம், எலுமிச்சம் பழத்தின் புளிப்பு! மனித உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் உணவை ஆற்றலாக மாற்றும் வேதிவினைச் சுழலில் அது இடையறாது தோன்றி மறைகிறது. அச்சுழலை 1937இல் விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸ் 1953இல் நோபல் பரிசு பெற்றார். 'கிரெப்ஸ்' என்னும் சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் புற்றுநோய் என்றும் பொருளுண்டு. ஒரு மனிதரின் பெயரை நோயின் பெயராக மயங்கிக் கொண்டதே இப்பொய்க்கு வித்தாகியிருக்கலாம் எனக் கூறுவோரும் உளர். உணவுச் சேர்மங்களை ஆராயும் உலக வல்லுநர் குழுவோ சிட்ரிக் அமிலத்திற்கு நாளளவு வரம்பு விதிக்கத் தேவையில்லை என்றே முடிவு செய்தது.

அப்பொய் யாருக்குப் பயன்பட்டது என்று வினவுதல் வேண்டும். அதனால் ஒரு குழந்தையின் உடல்நலமேனும் காக்கப்பட்டதாகச் சொல்ல இடமில்லை. மாறாக, உணவு பற்றிய அக்கறை அனைத்துமே மூடத்தனம் என்று எள்ளி நகையாட விற்பனையாளர்க்கு அது வாய்ப்பளித்தது. பொய்க் குற்றச்சாட்டைச் சுமத்துகிறவன், குற்றவாளி தப்பிச் செல்லப் பின்கதவைத் திறந்து விடுகிறான். இன்று தமிழில் வலம்வரும் கைப்பேசிச் செய்திகள் பலவும் அந்தப் பிரெஞ்சுத் துண்டறிக்கையின் பேரப்பிள்ளைகளே. அவற்றை ஆராயாமல் அடுத்தவர்க்கு அனுப்பும் கல்விமான்கள், தம்மை அறியாமலே வணிகரின் கையாட்களாகின்றனர்.

கேடு வரும் வாயில்

அங்ஙனமாயின் கேடே இல்லையா? உண்டு. அது வதந்தி காட்டும் திசையில் இல்லை, வாயில் இருக்கிறது, பல்லில் இருக்கிறது.

புளிப்பை அளக்க உதவும் பி.எச். என்னும் அளவுகோலை டென்மார்க் நாட்டு அறிஞர் சாரன்சன் 1909இல் வகுத்தார். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு பெருகும் என்பதே இவ்வளவுகோலின் சூக்குமம். பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், ஏறத்தாழ 5.5க்குக் கீழ்ப்பட்ட புளிப்பில் கரையத் தொடங்கும். கோலா பானத்தின் அளவோ ஏறத்தாழ 2.5. மூன்று எண் வேறுபாடு என்றால் பத்தைப் பத்தாலும், அதனை மீண்டும் பத்தாலும் பெருக்கிய ஆயிரம் மடங்கு! மூன்று என்று மேலோட்டமாகப் படிக்கும் மாணவனுக்கு அந்த ஆயிரத்தை எடுத்துக் காட்டுபவர் யார்?

எனாமல் ஒருமுறை தேய்ந்து போனால் மீண்டும் வளராது. வெட்டிய நகம் வளரும். முறிந்த எலும்பு கூடும். கரைந்த எனாமல் திரும்புவதில்லை. இயற்கை இதற்கு ஒரு காவலை அமைத்துள்ளது. அதுவே உமிழ்நீர். புளிப்பை நீர்த்துப் போகச் செய்து, மென்மையடைந்த எனாமலுக்குக் கனிமங்களை மீட்டுத் தருவது அது. ஆயின் அக்காவலுக்கு நேரம் வேண்டும். உணவோடு ஒருமுறை புளிப்பை உண்டு வாய் கொப்புளித்தவனுக்கு உமிழ்நீர் துணை நிற்கும். காலை முதல் மாலை வரை புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காக உறிஞ்சுகிறவனுக்கு அது என்ன செய்ய இயலும்? ஒவ்வொரு மடக்கும் புதியதொரு தாக்குதல். புளிப்பு மிட்டாயை நாவில் நெடுநேரம் அடக்கி வைத்திருக்கும் சிறுவனின் நிலையும் இதுவே. புளிப்பு அருந்திய கையோடு பல் துலக்குவதும் நன்றன்று. மென்மையுற்ற எனாமலை அது மேலும் தேய்க்கும் என்பது பல் மருத்துவர் அறிவுரை.

நேர்மையான வாதம் தனக்குச் சாதகமில்லாத உண்மையையும் ஒளிக்காது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு கோலாவின் புளிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. பல்லானது அமிலத்தின் குலங்கோத்திரம் கேட்பதில்லை. பழத்திலிருந்து வந்ததா, பூஞ்சையிலிருந்து வந்ததா என்று விசாரிப்பதில்லை. அவ்வாறாயின் இரசமும் கோலாவும் ஒன்றா? அல்ல. புளி சோற்றோடு கலந்து, உப்போடும் பருப்போடும் சேர்ந்து, உணவு வேளையில் மட்டும் உள்ளே செல்கிறது. எவரும் இரசத்தைப் புட்டியில் அடைத்து வகுப்பறைக்கு எடுத்துச் சென்று நாள் முழுவதும் உறிஞ்சுவதில்லை. பொருள் ஒன்றாயினும் பழக்கம் வேறு. கேடு பழக்கத்தில் இருக்கிறது. அப்பழக்கத்தை விளம்பரம் வளர்த்தது.

சர்க்கரையின் முகமூடி

பானத்தில் அமிலம் ஆற்றும் மற்றொரு பணியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முழுச் சர்க்கரையிட்ட கோலாவில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. அச்சர்க்கரையை வெறும் நீரில் கரைத்துக் கொடுத்தால் ஒரு குவளை முடிவதற்குள் திகட்டிவிடும். புளிப்பு அத்திகட்டலை அடக்குகிறது. புளிப்பினால் இனிப்பு மறைய, இனிப்பினால் புளிப்பு மறைய, இரண்டும் ஒன்றுக்கொன்று முகமூடியாகிக் குழந்தையின் தொண்டைக்குள் இறங்குகின்றன. உள்ளே சென்றபின் முகமூடி கழல்கிறது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு தாமும் அமிலத்தைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து வந்த அமிலம் ஒருபுறமும் உள்ளே பிறந்த அமிலம் மறுபுறமுமாகப் பல் இருமுனைப் போரில் சிக்குகிறது.

அரசுகள் சர்க்கரைமீது கண்வைத்துள்ளன. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள குளிர்பானங்களுக்கு மலேசியா 2019 ஜூலை முதல் நாள் தொட்டு வரி விதித்தது. சிங்கப்பூர் 2022 டிசம்பர் இறுதியில் பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரமிடும் முறையைக் கொணர்ந்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் அவை எண்ணுவது சர்க்கரையையும் கொழுப்பையுமே. புளிப்பு அக்கணக்கில் வருவதில்லை. சர்க்கரையை நீக்கிச் செயற்கை இனிப்பூட்டிய பானம் 'பி' என்னும் நற்பெயரோடு கடையில் அமர முடியும். அதன் புளிப்போ இம்மியும் குறைந்திருக்க வேண்டியதில்லை. "சர்க்கரை இல்லை" என்னும் பெரிய எழுத்தைப் படித்து மகிழும் பெற்றோர், பல்லுக்கு அதனால் முழு விடுதலை கிட்டவில்லை என்பதை அறிவதில்லை.

கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலத்தைப் பற்றியும் அளவறிந்து பேசுதல் வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு, அடிக்கடி கோலா அருந்தும் பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி குறைந்திருந்ததை 2006இல் எடுத்துக் காட்டியது. ஆண்களிடம் அத்தொடர்பு காணப்படவில்லை. பாஸ்பாரிக் அமிலமே அதற்குக் காரணம் என்று அவ்வாய்வு நிறுவிவிடவும் இல்லை. கோலாவினால் எலும்பு உருகிவிடும் என்று மேடையில் முழங்குவது எளிது; ஆனால் அது உண்மையினும் மிகைப்பட்ட கூற்று. வளரும் பிள்ளை பாலுக்கும் நீருக்கும் பதிலாகக் கோலாவை அருந்துவது நன்றன்று என்று சொல்லுவதற்கு மிகை எதுவும் தேவையில்லை.

அனுமதியும் ஆராய்ச்சியும்

"அரசாங்கம் அனுமதித்துள்ளதே, பின்னர் என்ன கவலை?" என்பது சிலரின் வினா. அனுமதி என்பது அறிவுக்கு விடுமுறை அன்று. பென்சாயிக் அமிலத்தின் உப்பும் அஸ்கார்பிக் அமிலமும் தனித்தனியே அனுமதி பெற்றவை. முன்னது பானம் கெடாமல் காப்பது. பின்னது வைட்டமின் 'சி'. இரண்டும் ஒரே புட்டியில் சேர்ந்து, வெப்பமும் வெளிச்சமும் பட நேர்ந்தால், பென்சீன் என்னும் புற்றுநோய்ப் பொருள் சிறிதளவு பிறக்கக்கூடும். அமெரிக்க அரசின் உணவுத்துறை இதனை 1990ஆம் ஆண்டளவில் அறிந்தது. 2005க்குப் பின்னர் நடத்திய சோதனைகளில் சில பானங்களில் குடிநீருக்கு விதித்த வரம்பாகிய நூறு கோடியில் 5 பங்கையும் பென்சீன் தாண்டியிருந்தது. உற்பத்தியாளர்கள் கலவையை மாற்றியமைத்தனர். நல்லவை இரண்டு சேர்ந்து தீயது பிறக்கலாம் என்பதற்கும், விழிப்பிருந்தால் அதனைத் திருத்தலாம் என்பதற்கும் இது சான்று. வெப்ப நாட்டில், வெயிலில் அடுக்கி வைத்த பெட்டிகளிலிருந்து பானம் வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

அனுமதியில்லாத அமிலத்தின் கதையோ வேறு. போரிக் அமிலம் கரப்பான் பூச்சியைக் கொல்லப் பயன்படுவது. மலேசியச் சட்டம் அதனை உணவில் அனுமதிப்பதில்லை. ஆயினும் மீ, மீன் உருண்டை போன்றவை துள்ளும் பதத்தோடும் கெடாமலும் இருக்க வேண்டும் என்பதற்காக அதனைக் கலப்போர் இருந்தனர். 1988ஆம் ஆண்டு அக்டோபரில் பேராக் மாநிலத்தில் அரிசி மாவினாலான நூடுல்ஸ் உண்ட சிறுவர் 13 பேர் மாண்டனர். பூஞ்சை நஞ்சாகிய அஃப்ளடாக்சினை ஆய்வாளர் முதன்மைக் காரணமாகக் காட்டினர். போரிக் அமிலத்தின்மீதும் ஐயம் எழுந்தது. 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளும் அப்போது நடப்பில் இருந்தவையே. ஏட்டில் சட்டம் இருந்தும் பிள்ளைகள் பிழைக்கவில்லை. சட்டத்திற்குக் காவலர் மட்டும் போதார். கேள்வி கேட்கும் மக்களும் வேண்டும் என்பதே அத்துயரம் விட்டுச் சென்ற பாடம்.

எலுமிச்சைப் புளிப்பைக் கண்டு நடுங்கும் ஒருவர், கடையில் வாங்கும் மீயில் போரிக் அமிலம் இருக்குமோ என்று ஒருநாளும் கேட்டதில்லை. காரணம் எளிது. சிட்ரிக் அமிலம் ஒட்டுச்சீட்டில் தன் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக் கொண்டு வருகிறது. போரிக் அமிலம் பெயரில்லாமல் வருகிறது. வெளிப்படையாக வருவதைத் திருடன் என்று கூவி, இருளில் வருவதற்கு வழிவிடும் காவல் என்ன காவல்?

ஒட்டுச்சீட்டும் தாய்மொழியும்

மலேசியாவில் உற்பத்தியாகும் உணவின் ஒட்டுச்சீட்டு மலாய் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரில் ஆங்கிலம். இரண்டிலும் தமிழுக்கு இடமில்லை. 'அசிட் சித்ரிக்' என்றும், 'டிபெனார்கான்' என்றும், 330 என்றும், 338 என்றும் வரும் குறிப்புகளைத் தமிழ்ப் பிள்ளை காண்கிறது, கடந்து செல்கிறது. 'டிபெனார்கான்' என்றால் அனுமதிக்கப்பட்டது என்று பொருள். யாரால், எதற்கு, எவ்வளவு என்னும் வினாக்களை எழுப்ப வேண்டியது பள்ளி. 260 என்றால் காடியின் அமிலம். 270 என்றால் தயிரின் அமிலம். 300 என்றால் நெல்லியின் அமிலம். 330 என்றால் எலுமிச்சையின் அமிலம். 334 என்றால் புளியின் அமிலம். 338 என்றால் கோலாவின் பாஸ்பாரிக் அமிலம். ஆறு எண்கள், ஆறு சொற்கள். ஒரு வகுப்பு நேரத்திற்கு மேல் இதற்கு வேண்டியதில்லை. அச்சமும் அறியாமையும் அந்த ஒரு வகுப்பில் பாதியேனும் குறையும்.

"இது அறிவியல் ஆசிரியரின் வேலை, மொழியாசிரியர்க்கு இதில் என்ன பங்கு?" என்று கேட்போர் உண்டு. இவ்வினாவே தமிழ்க் கல்வியின் நோய். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் 2003ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழில் அறிவியல் வேண்டும் என்று உரத்த குரல்கள் எழுந்தன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவை அரசு 2009இல் அறிவித்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் அதே குரல்கள் ஒலித்தன. குரல் கொடுத்தோர் போற்றுதற்குரியர். ஆனால் உரிமை கேட்பது ஒன்று. உரிமையைப் பயன்படுத்துவது மற்றொன்று. 'அமிலம் நீல லிட்மசைச் சிவப்பாக்கும்' என்னும் ஒரு வாக்கியத்தைத் தேர்வுக்கு மனனம் செய்வித்துவிட்டு, அதே மாணவன் சிற்றுண்டிச்சாலையில் புளிப்புப் புட்டியோடு நிற்பதைக் கண்டும் வாளாவிருந்தால், தமிழில் அறிவியல் வாழ்கிறது என்று எவ்வாறு சொல்ல முடியும்? அது தாளில் வாழ்கிறது, வாழ்க்கையில் இல்லை.

தமிழில் இது முடியாதென்பதும் வெற்றுச் சாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழிலேயே நூல்களும் எழுதுவித்தார். இராஜாஜி 'திண்ணை ரசாயனம்' என்று நூலெழுதி, வேதியியலைத் திண்ணைப் பேச்சாக்கினார். அயல்நாட்டு மருத்துவருக்கும் அரசியல் தலைவருக்கும் இயன்றது தமிழாசிரியர்க்கு இயலாதா? பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகத் தமிழிலும் உணவு விழிப்புணர்வுச் செய்திகளைப் பரப்பி வந்துள்ளது. அச்சங்கம் செய்ய முற்பட்டதைப் பள்ளிகள் தம் பணியாக ஏற்கத் தயங்குவானேன்?

வேலியோரத்து ஆய்வுக்கூடம்

ஆய்வுக்கூடம் இல்லை என்று குறைப்படுவோர் பள்ளி வேலியைச் சற்றே நோக்கலாம். அங்குச் சங்குப்பூ பூத்திருக்கும். மலாய் மக்கள் சோற்றுக்கும் பலகாரத்திற்கும் நீலமூட்டப் பயன்படுத்தும் பூ அதுவே. அப்பூவை வெந்நீரில் இட்டால் நீர் நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டால் ஊதாவாகி, மேலும் விட்டால் இளஞ்சிவப்பாகும். பிறகு நிறமற்ற குளிர்பானத்தை ஊற்றிப் பார்க்கட்டும். நீலம் மாறுவதைக் கண்ணாரக் காண்பர். முட்டை ஓட்டைக் காடியில் இட்டு ஓரிரவு வைக்கட்டும். கால்சியம் கார்பனேட்டாலான ஓடு குமிழியிட்டுக் கரைவதைக் காண்பர். பல்லின் எனாமல் கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமம். முட்டை ஓட்டினும் வலிமை மிக்கது. அதன் கரைவு மிக மெதுவானது. இவ்வேறுபாட்டையும் ஆசிரியர் மறவாமல் சொல்லுதல் வேண்டும். கண்டதைக் கண்டவாறு எழுதச் சொன்னால் அதுவே கட்டுரைப் பயிற்சி. ஒட்டுச்சீட்டைத் தமிழாக்கச் சொன்னால் அதுவே மொழிபெயர்ப்புப் பயிற்சி. விளம்பரத்தின் வாதத்தை மறுத்துப் பேசச் சொன்னால் அதுவே சொற்போர்ப் பயிற்சி. மொழிப்பாடத்திற்கு இதனினும் சிறந்த பொருள் வேறு யாது?

மாணவர்க்குச் சொல்ல வேண்டியது நெடிய உபதேசமன்று. தாகத்திற்கு நீர் அருந்துக. புளிப்புப் பானம் அருந்த நேர்ந்தால் உணவோடு அருந்தி முடித்துவிடுக; மணிக்கணக்கில் உறிஞ்சாதிருக்க. அருந்தியபின் நீரால் வாய் கொப்புளிக்க. ஒட்டுச்சீட்டைப் படிக்க. எவரேனும் ஒன்றை நஞ்சென்று சொன்னால் எந்த அளவில், எந்த முறையில், எவர் ஆராய்ந்தது என்று கேட்க. இவ்வளவே.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்றது தமிழரின் முதுமொழி. அமிழ்தத்தையே அளந்து உண்ணச் சொன்ன அறிவு அது. அளக்காமல் அஞ்சுவதும் அம்முதுமொழிக்குப் பகை. அளக்காமல் அருந்துவதும் அதற்குப் பகை. தோட்டத்து எசிட்டைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொன்ன தாய், எதனைத் தொடலாகாது என்பதைத் தெளிவாக அறிந்திருந்தாள். அவளுக்குப் பள்ளிப்படிப்பில்லை. அவள் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியும் உண்டு, நூலும் உண்டு, கையடக்கக் கருவியில் உலகமும் உண்டு. அத்தனையும் இருந்தும், எந்தப் புளிப்பு உணவு, எந்தப் புளிப்பு கேடு என்று பிரித்தறிய அவர்கள் தடுமாறுவார்களாயின், அத்தடுமாற்றத்திற்குப் பிள்ளைகளைப் பொறுப்பாக்க இயலாது; கற்பிக்க வேண்டியவர்களே அதற்கு விடை கூறுதல் வேண்டும்.